என் தங்கைக்குக் கையால் சொன்ன தடுப்பூசி

என் தங்கை பிரசவத்துக்காகத் திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலை வீட்டுக்கு வந்து தங்கிய ஐந்தரை மாதங்களை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவள் திருச்சூரில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து, விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல்லும் உடைந்த பல்லுக்கு உறையும் செய்து கொடுப்பது அவள் வேலை. அவள் கணவரும் அங்கேதான் இருக்கிறார். இருவருக்கும் காது கேட்காது.

அவருக்குப் பிறவியிலேயே அப்படி. என் தங்கைக்குப் பதினான்கு மாதம் வரை கேட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். தூக்கினால் வீறிட்டாள், படுக்கவைத்தால் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்துவிட்டு மூளைக்காய்ச்சல் என்றார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஒரு பாக்டீரியா போய் உட்கார்ந்திருந்தது. அது நிமோகாக்கஸ் என்பதை நான் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்துத்தான். அப்பா அந்த டிஸ்சார்ஜ் சீட்டை மடித்து, நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார்.

பிள்ளை பிழைத்து வந்தாள். அதுவே போதும் என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். மெலிந்திருந்தாள், நடக்க மறந்திருந்தாள், மறுபடி நடந்தாள். ஒரு நாள் காலையில் அம்மா கையிலிருந்து இட்லிக் கொப்பரையின் மூடி நழுவித் தரையில் விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். தங்கை எனக்கு முதுகைக் காட்டியபடி அப்பாவின் செருப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்; திரும்பவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மூடியைக் குனிந்து எடுத்து, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, வேண்டுமென்றே மறுபடியும் போட்டாள்.

நோய்க்கு முன்னால் தங்கை நாலைந்து சொல் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எனக்கு நினைவிருப்பதாகப் பல வருடம் நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மழலையெல்லாம் அதன் மேல் படிந்து, எது அவளுடையது என்று பிரித்தெடுக்க முடியாமல் போய்விட்டது.

அவளை நகரத்திலேயே காது கேளாதவர்களுக்கான பள்ளியில் சேர்த்தோம். சைகை மொழியும் மலையாள எழுத்தும் அங்கே படித்தாள். அம்மாவோ நாஞ்சில் நாட்டுப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். மலையாளம் தண்ணீர் பட்டபாடாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகையால் எங்கள் வீட்டில் அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. சமையலறையிலும் கொல்லையிலும் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைச்சாடைகள்தான் அவர்களுக்கு மொழி. நான் மட்டும் அவளோடு உட்கார்ந்து பள்ளிச் சைகைகளையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

நான் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு வந்ததற்குத் தங்கைதான் காரணம் என்று ஒரு நேர்முகத் தேர்வில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் முகம் இளகியது. அது பாதிதான் உண்மை. வேதியியலில் நல்ல மதிப்பெண் வந்தது. ஊரை விட்டுப் போக மனமில்லை. இங்கேயே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே என்னை உட்காரவைத்த மேசையில் நிமோகாக்கஸின் சர்க்கரை இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அவள் வந்த மாதங்களில் என் வேலை கெட்டுப்போய்க் கிடந்தது. நிமோகாக்கஸ் தன் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைப் போர்த்திக்கொண்டு திரியும் கிருமி. அந்தப் போர்வையில் எத்தனையோ வகை. ஏற்கெனவே இருக்கும் ஊசிகளில் சேராத ஒரு வகையின் சர்க்கரையை எடுத்து, ஒரு புரதத்தோடு ஒட்டி, முயல்களுக்குப் போட்டுப் பார்க்கும் வேலை எனக்கு. மூன்று தவணை போட்டாயிற்று. முயல்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாக வந்திருந்தது. சோதனைத் தட்டின் குழிகளில் சர்க்கரையைப் பூசி, மேலே முயல் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றினால், எதிர்ப்பொருள் பிடித்ததைக் காட்டும் மஞ்சள் நிறம் சும்மா கொழுந்துவிட்டு எரிவது மாதிரி ஏறியது. ஆனால் அதே சீரத்தை உயிருள்ள கிருமியோடு சேர்த்து, கிருமியை விழுங்கும் செல்களையும் விட்டு மறுநாள் காலை பார்த்தால், கிருமிகள் செழிப்பாக வளர்ந்து தட்டை நிறைத்திருந்தன. ஒன்றும் சாகவில்லை.

எங்கள் பிரிவின் தலைவி அதிகம் பேசமாட்டார். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னார்: "நம்பர் கொள்ளாம். பக்ஷே இது கொல்லுந்நில்லல்லோ."

எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, ஆனால் கொல்லவில்லையே என்று. கொல்லும் சோதனையில்தான் ஏதோ கோளாறு என்று நான் சொன்னேன். செல்களை மாற்றினேன். சீரத்தை மாற்றினேன். அதையே மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதத்தில் தங்கை வந்து இறங்கினாள். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மட்டும் இருந்த வீடு. அவள் வந்ததும் அம்மாவுக்கு நடையே மாறிவிட்டது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கையால் ஊர்வம்பு பேசுவார்கள். கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா பேசுவது தங்கைக்குப் பிடிக்காது. கையில் எதையாவது வைத்துக்கொண்டு பேசுவது, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி என்பாள். அம்மா தண்டைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் காதுச் சோதனையைச் செய்தார்கள். காதில் சின்னதாக ஒன்றைச் செருகி, ஒலியை அனுப்பி, உள்ளே இருந்து வரும் பதிலை இயந்திரம் கேட்டது. இரண்டு காதுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டாவ மக்ளே. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூத்தியொண்ணு தேங்கா நேந்திருந்தேன்."

"அம்மா, அவகிட்ட இதச் சொல்லாண்டாம்."

"என்னத்துக்குச் சொல்லப்பிடாது? நல்ல காரியந்தானே?"

சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தேங்காய் உடைத்துவிட்டு வந்து நெற்றியில் பிரசாதம் பூசும்போது, காதைத் தொட்டுக்காட்டி, கும்பிட்டு, தேங்காய் எறியும் சாடை காட்டினாள். தங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் முகம் கல்லாகிவிட்டது. குழந்தையை மடியிலிருந்து இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, இரண்டு கையும் காலியான பிறகு கேட்டாள்.

"கேட்காது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

அம்மா பிரசாதத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு நேர்ந்துகொண்டாயா?"

அம்மா தலையாட்டினாள். அவளுக்காக அம்மாவும் அப்பாவும் நேர்ந்துகொண்டது எனக்கும் தெரியும். பல கோயிலுக்கு.

"அப்படியென்றால் நான் உடையாத தேங்காய்" என்றாள் தங்கை. பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடிவிட்டால் அவளிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே அதுதான் அவள் ஆயுதம். அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாளில் சரியானது. சரியானதற்கு யாரும் எதுவும் பேசவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றரை மாதத்தில் முதல் தவணைத் தடுப்பூசி. புதன்கிழமை. ஆரம்ப சுகாதார மையத்தில் நீண்ட வரிசை. நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எங்கள் முறை வந்ததும் சிஸ்டர் என்னைப் பார்த்து, "காலு நல்லோணம் பிடிச்சோ, கேட்டோ" என்றார். நான் குழந்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். தொடையில் ஒரு விரலளவுச் சதை. அன்று வலது காலில் போட்டது நிமோகாக்கஸ் ஊசி, என் வேலையோடு எத்தனையோ வருடமாகத் தொடர்புள்ளது. மேசையில் எத்தனையோ குப்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தைக்குப் போடுவதை அருகில் நின்று பார்த்தது அன்றுதான். குழந்தை முதலில் ஆச்சரியமாகப் பார்த்தது, பிறகு அழுதது. தங்கை அழுகையைக் கண்ணால் அளந்தபடி நின்றாள். வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்கு நடுங்குகிறதா, கண்ணீர் வருகிறதா என்று.

மத்தியானம் குழந்தை தூங்கிய பிறகு, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "வலது காலில் போட்டதில் என்ன இருக்கிறது? உன் லேபில் செய்வதுதானே?"

அவள் கையால் சொன்னதை எழுதும்போது அது என் தமிழாகிவிடுகிறது. அவளுடைய கைகள் இதைவிட வேகமானவை, கொஞ்சம் கிண்டலும் உள்ளவை.

அது எங்கள் லேபில் செய்ததில்லை என்றும், ஆனால் அதே மாதிரிதான் என்றும் சொன்னேன். கிருமியின் மேல் ஒரு போர்வை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். போர்வை எதனால் ஆனது என்றாள். சர்க்கரை என்றேன். சிரித்தாள்.

"அந்தச் சர்க்கரையை எடுத்து ஊசியாகப் போட்டால், பெரியவர்கள் உடம்பு கவனிக்கும். எதிர்ப்பொருள் செய்யும்." இரண்டு விரலைக் கவட்டை போல விரித்துக் காட்டினேன், எதிர்ப்பொருளின் வடிவமும் கிட்டத்தட்ட அதுதான். "குழந்தையின் உடம்பு சர்க்கரையைக் கவனிக்காது. இரண்டு வயது வரைக்கும் அப்படித்தான்."

"ஏன்?"

"எதிர்ப்பொருள் செய்யும் செல் சர்க்கரையைப் பிடிக்கும். பிடித்துவிட்டுக் காத்திருக்கும். 'பெருகு, ஞாபகம் வைத்துக்கொள், இன்னும் நன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொள்' என்று சொல்ல இன்னொரு செல் வேண்டும். உதவி செய்யும் செல். அதற்குச் சர்க்கரை தெரியாது. புரதத்தின் துண்டு மட்டும்தான் தெரியும்."

அவள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தாள். "ஆகவே இரண்டையும் ஒட்டுகிறீர்கள்."

"ஆமாம். சர்க்கரையைப் பிடித்த செல், கூடவே ஒட்டியிருக்கும் புரதத்தையும் விழுங்கிவிடும். உள்ளே துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை வெளியே நீட்டும். உதவி செல் வந்து அந்தத் துண்டைப் பார்க்கும். இது எனக்குத் தெரிந்ததுதான் என்று அனுமதி கொடுத்துவிடும்."

"புரதத்தைக் காட்டி, சர்க்கரைக்கு அனுமதி வாங்குகிறது" என்றாள். "தமிழ் தெரியாத ஆபீசில் மலையாள விண்ணப்பம் வைத்துத் தமிழ் வேலை முடிக்கிற மாதிரி."

பிறகு அவள் கேட்ட கேள்விகளை என்னை யாரும் எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. பசை என்ன என்றாள். பசை தடிமனாகிவிட்டால் என்ன ஆகும் என்றாள். பல் உறை செய்கிறவளுக்கு முதலில் அதுதானே தோன்றும். ஒட்டுக்குள்ளே நீளமான இணைப்பை வைத்தால் சில சமயம் உடம்பு அந்த இணைப்புக்கே எதிர்ப்பொருள் செய்துவிடும் என்றேன். சர்க்கரை குறைந்தால் எதிர்ப்பொருள் குறையும். அதிகம் ஒட்டினால் புரதம் மூடிப்போய் உதவி செல்லுக்குத் துண்டு சரியாகக் கிடைக்காது. சங்கிலி எவ்வளவு நீளம், எந்தப் புரதம், எத்தனை இடத்தில் ஒட்டுகிறோம், எல்லாவற்றையும் பொறுத்து வருகிற எதிர்ப்பொருள் மாறும். ஒட்டாமல் தங்கிய வெறும் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும் விளைவு மங்கும்.

"உன்னுடையது எப்படி வந்திருக்கிறது?"

அவளிடம் பொய் சொல்ல முடியாது, முகத்தைப் படித்துவிடுவாள். எதிர்ப்பொருள் ஏகப்பட்டது வந்திருக்கிறது, கிருமி மட்டும் சாகவில்லை என்றேன். தட்டில் பூசிய சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கிறது, உயிருள்ள கிருமியை விட்டுவிடுகிறது.

அவள் சட்டென்று சொன்னாள்: "மாடலில் உட்கார்கிறது, வாயில் உட்காரவில்லை."

அவள் விளக்கினாள். டாக்டர் அனுப்பும் அச்சில் அவர்கள் பிளாஸ்டர் ஊற்றி ஒரு மாடல் செய்வார்கள். அந்த மாடலின் மேல்தான் உறையைச் செய்வார்கள். அச்சு வழியில் கொஞ்சம் சுருங்கிவிட்டால் மாடலும் சுருங்கியிருக்கும். உறையோ அந்த மாடலில் நகம்கூட நுழையாமல் உட்காரும். பார்க்க அவ்வளவு அழகு. நோயாளியின் வாயில் வைத்தால் ஏறாது. "அப்போது உறையைச் சோதிப்பதில் பயனில்லை" என்றாள். "மாடலைச் சோதிக்க வேண்டும். நீ தட்டில் பூசுகிற சர்க்கரை எங்கிருந்து வருகிறது?"

ஊசிக்காகத் தயார் செய்ததில் மிச்சமானது. அதே தொகுதி. அதே குப்பி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவளுக்குக் கேட்க இன்னும் ஒன்று இருந்தது. அதைக் கேட்பதற்கு முன்னால் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"எனக்கு வந்ததும் இதே கிருமிதானே?"

"ஆமாம்."

"அப்போது இந்த ஊசி கிடையாதா?"

"சர்க்கரை மட்டும் உள்ள ஊசி எங்கேயோ இருந்தது. உன் வயதுக்கு அது வேலை செய்யாது. ஒட்டிய ஊசி அப்புறம்தான் வந்தது. இங்கே இலவசமாகக் கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று."

"போட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்."

"அநேகமாக."

என் கண் கலங்கியிருக்க வேண்டும். அவள் என் கன்னத்தில் லேசாகத் தட்டினாள்.

"நீயும் அம்மாவும் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டே இருக்கிறீர்கள். காது கேட்கிற ஒரு பெண்ணை. உங்களுக்கு அவளைத் தெரியும், பதினான்கு மாதம் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அவளைத் தெரியாது. நான் அவளைப் பார்த்ததே இல்லை."

வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். பள்ளிச் சைகை அவளுக்குப் பாதிதான் புரியும். எந்தப் பாதி புரிந்தது என்று நான் இதுவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனதும், கிருமியிலிருந்து பிரித்தெடுத்து வேறு எதுவும் செய்யாத சர்க்கரையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன். ஒரு பாதித் தட்டில் அதைப் பூசினேன். மறு பாதியில் வழக்கமாகப் பூசுவது. இரண்டின் மேலும் அதே முயல் சீரம். ஒரு பாதி வழக்கம்போல மஞ்சளாகியது. புதிதாகப் பூசிய பாதி கிட்டத்தட்டத் தண்ணீராகவே இருந்தது. தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்போ நம்மள் வேறெ ஒரு சாதனத்தினு ஆன்டிபாடி உண்டாக்கி" என்றார் நிதானமாக. வேறு ஏதோ ஒரு பொருளுக்கு எதிர்ப்பொருள் செய்திருக்கிறோம் என்று.

அப்படித்தான் ஆகியிருந்தது. அந்தச் சர்க்கரைச் சங்கிலியில் ஆங்காங்கே அசிட்டைல் என்ற சிறு குமிழ்கள் தொங்கும். புரதத்தோடு ஒட்டுவதற்காகச் சர்க்கரையைத் தூண்டிவிடும்போது, நான் கரைசலைக் காரம் தூக்கலாக வைத்து, நேரமும் அதிகம் விட்டிருந்தேன். குமிழ்களில் பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. முயலின் உடம்பு தனக்குக் காட்டியதை உண்மையாகக் கற்றுக்கொண்டது. மொட்டைச் சங்கிலியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை மேலும் மேலும் கூர்மையாக்கியது. கிருமி குமிழ்களோடு திரிந்தது. நானோ அதே மொட்டைச் சங்கிலியைத் தட்டில் பூசி, அது பிடிக்கிறது என்று மகிழ்ந்திருந்தேன். சர்க்கரையை வேறொரு நிலையத்துக்கு அனுப்பிக் கருவியில் பார்த்தபோது, வரைபடத்தில் அசிட்டைலுக்கு எழும்ப வேண்டிய கூர்முனை ஒரு மேடாகக்கூட இல்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். "எத்தனை மாதம் வீண்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் இருந்த இரண்டு மாதத்தை இன்னும் எழுத எனக்கு ஆசை. எழுத என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. காலையில் பாக்கெட் பால். கொடியில் வரிசையாகச் சின்னத் துணிகள். அம்மா குழந்தையிடம் ஓயாமல் பேசுவாள், முப்பது வருடம் சேர்த்துவைத்ததுபோல. தங்கை அதே குழந்தையிடம் கையால் பேசுவாள். குழந்தை அம்மாவின் வாயைப் பார்க்கும், தங்கையின் கையைப் பார்க்கும். நான் மாலை ஆறு மணிக்குக் கிழக்கேகோட்டையில் இறங்கி, அவசரமில்லாத நாளிலும் அவசரமாக நடந்து வருவேன்.

மூன்றரை மாதத்தில் அந்த ஊசியின் இரண்டாம் தவணை போட்ட மறு வாரம் அவள் கணவர் வந்து அழைத்துப் போனார். தம்பானூரில் காலை ரயில். பிளாட்பாரத்தில் எல்லோரும் கத்தி விடைபெறுவார்கள். ரயில் நகர்ந்தால் அந்தச் சத்தம் அறுந்துவிடும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்டி நகர்ந்த பிறகும் கண்ணாடிக்கு உள்ளிருந்து அவள் பேசிக்கொண்டே போனாள். கொடியில் குழந்தையின் இரண்டு ஜபலா இருக்கிறது, எடுத்து வை; அம்மாவின் மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது. கை தெரிந்த வரைக்கும் பேசினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கீரையை எடுத்து உட்கார்ந்தாள். எதிரே யாருமில்லை. தண்டைக் கையில் வைத்துக்கொண்டே, "பிள்ளை இப்பம் கொல்லத்த தாண்டியிருக்கும்" என்றாள்.

வீடியோவில் தினமும் பார்த்தோம். ஆனால் போனை ஒரு கையில் பிடித்தால் அவளுக்குப் பேச மறு கைதான் மிச்சம். அதுவும் குழந்தைக்குப் போய்விடும். முக்கால்வாசி நேரம் கூரையையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் சர்க்கரையைப் புதிதாக ஒட்டினேன். காரத்தைக் குறைத்தேன், நேரத்தைச் சுருக்கினேன், ஒவ்வொரு கட்டத்திலும் குமிழ்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போனேன். ஒட்டிய சர்க்கரையின் அளவு முன்பைவிடக் குறைவாகத்தான் வந்தது. முயல்களுக்குத் தவணை ஆரம்பித்தோம். ஒன்பதாம் மாத ஊசிக்குத் திருச்சூர் போய் நானே குழந்தையின் காலைப் பிடிக்க வேண்டும் என்று விடுப்புக்கு எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் தவணைக்குப் பிறகு முயல்களின் ரத்தம் எடுக்க வேண்டிய நாளும் அந்தப் புதன்கிழமையாகவே வந்து விழுந்தது. தள்ளிப்போட முடியாத நாள். தங்கைக்கு எழுதினேன். "முயலைப் பார். இங்கே நான் இருக்கிறேன்" என்று மலையாளத்தில் பதில் வந்தது.

அன்று மத்தியானம் அவள் ஒரு சின்ன வீடியோ அனுப்பினாள். யாரோ பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தது. குழந்தை ஊசியைப் பார்க்கிறது, அழுகிறது. அவள் மார்போடு சேர்த்துப் பிடித்து முதுகைத் தட்டுகிறாள். அழுகையின் அடியில் இன்னொரு ஒலி இருந்தது. தாழ்ந்து, இழுத்து, ஒரே ஏற்ற இறக்கத்தில், எழுத்தாக முடியாத ஒலி. முதலில் மின்விசிறியோ என்று நினைத்தேன். பிறகுதான் அது அவள் என்று தெரிந்தது. குழந்தையைத் தட்டும்போது அவள் தொண்டையிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் இருந்தபோது எத்தனை முறை தட்டித் தூங்கவைத்திருக்கிறாள். அப்போதும் வந்திருக்கும், அம்மாவின் பேச்சில் மூழ்கிப்போயிருக்கும். குழந்தைக்கு அது பழகிய ஒலியாக இருந்தது. கேட்கக் கேட்க அழுகை தணிந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அம்மா மூன்று முறை பார்த்தாள். நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இவளுக்குத் தெரியுமா, மக்ளே?"

"தெரியாதுன்னு நெனைக்கேன்."

"சொல்லாண்டாம்" என்றாள். "அது பாட்டுக்கு வரட்டும்."

அம்மா சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் சோதனை முடிந்தது. தட்டில் மஞ்சள் முந்தைய அளவுக்கு ஏறவில்லை. பழைய எண்களோடு பார்த்தால் சுமார்தான். ஆனால் உயிருள்ள கிருமியோடு சேர்த்த தட்டு மறுநாள் காலை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஒரு ஓரத்தில் நாலைந்து புள்ளிகள். தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இனி ஒந்நு கூடி செய்" என்றார். இன்னொரு தடவை செய் என்றால், அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். இது ஊசியாகி ஒரு குழந்தையின் தொடைக்குப் போய்ச்சேர எத்தனை வருடமாகும் என்று எனக்குத் தெரியாது. போய்ச்சேராமலும் போகலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் திருச்சூருக்கு ரயில் ஏறினோம். அம்மா முறுக்கும், பேத்திக்கு நேந்திரங்காய்ப் பொடியும் கட்டிவைத்திருந்தாள். ஸ்டேஷன் வாசலில் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை வளர்ந்திருந்தது. மூன்றரை மாதம் என் மடியில் கிடந்த உடம்பு இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அது என்னை உற்றுப் பார்த்தது. உதடு மெல்லப் பிதுங்கியது. பிறகு முகத்தைத் திருப்பித் தன் அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு அழுதது.

தங்கை சிரித்துக்கொண்டே ஒரு கையால் சொன்னாள்: "இரண்டு நாள் ஆகும். பக்கத்தில் போகாதே. சும்மா உட்கார்ந்திரு."

சரி என்றேன். ஆட்டோவில் அவர்களுக்கு எதிரே இடமில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் குழந்தை தன் அம்மாவின் தோளுக்கு மேல் ஒரு கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்ப்பதும், நான் பார்த்தால் மறைத்துக்கொள்வதுமாக இருந்தது. நான் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.